பதிலக்கா எழுதிக் கொடுத்த உறுதிமொழி

சுகாதாரத் துறையில் பதிலக்கா எங்கே என்று கேட்டால், லிஃப்ட் ஓட்டுகிறவர் முதல் அமைச்சரின் அந்தரங்கச் செயலாளர் வரை எல்லோரும் மூன்றாவது மாடியைக் கைகாட்டுவார்கள். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்கிறது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள், அமைச்சர் எழுந்து நின்று கம்பீரமாகப் பதில் சொல்வார் அல்லவா, அந்தப் பதில்களை எழுதுகிறவள் அவள். இருபது வருஷத்துக்கு மேலாக இதே வேலை. இதற்குள் எட்டோ ஒன்பதோ அமைச்சர்கள் வந்து போய்விட்டார்கள். யார் யார் என்று அவளுக்கே குழம்பும்.

குழம்பினாலும் குற்றமில்லை, அப்படிப்பட்ட ரத்தினங்கள். ஒருவர் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் வித்தியாசம் தெரியாமலே ஐந்து வருஷம் சுகாதாரத்தை ஆண்டார். இன்னொருவர் பதிலைப் படித்துக்கொண்டே போய், பக்கத்தின் அடியில் இருந்த தட்டச்சுக்காரரின் முதலெழுத்துகளையும் சேர்த்துப் படித்துவிட்டு உட்கார்ந்தார். ஆளுங்கட்சி வரிசை அதற்கும் மேசையைத் தட்டியது. இப்போது இருந்தவர் இவர்களுக்கெல்லாம் அண்ணன். கூட்டணிக் கட்சிக்காரர். நிதி அமைச்சர் பதவிக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருந்தவருக்குச் சுகாதாரம்தான் கிடைத்தது. கிடைத்த நாளிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவையில் எழுந்து நிற்கும்போதுதான் பதில் கோப்பையே திறப்பார். வரும் வழியில் காரிலாவது படிக்கட்டும் என்று பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். காரில் வரும் நேரம் முழுவதும் தலைச்சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று கண்ணாடி பார்ப்பதற்கே அவருக்குப் போதவில்லை.

பதில் எழுதுவதில் பதிலக்காவுக்கென்று சில சட்டங்கள் உண்டு. பெரிய எண்களை எழுத்தால் எழுத வேண்டும். இலக்கத்தில் எழுதினால் அமைச்சர் பூஜ்யங்களை எண்ணிக்கொண்டு நிற்பார். ஒரு வாக்கியம் ஒரே மூச்சில் முடிந்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், செய்வோம் என்று மட்டும் எழுதவே கூடாது. ஆராயப்படுகிறது, பரிசீலனையில் உள்ளது, உரிய நேரத்தில் முடிவெடுக்கப்படும் என்று எத்தனை வேண்டுமானாலும் மழுப்பலாம். செய்வோம் என்று ஓர் அமைச்சர் அவையில் வாயை விட்டுவிட்டால் அது அவருடைய வாக்கு மட்டும் அல்ல, மொத்த அரசாங்கத்தின் வாக்கு. அதைப் பிடித்துவைத்துக்கொண்டு, செய்தாயா, ஏன் செய்யவில்லை என்று துறையைத் துளைத்தெடுப்பதற்கென்றே உறுதிமொழிக் குழு என்று உறுப்பினர்களின் குழு ஒன்று உண்டு. பதிலக்கா எழுதிய எதுவும் அந்தக் குழுவின் கையில் அதுவரை சிக்கியதில்லை. அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, கேட்ட கேள்விக்கு நேரான பதில் வரவில்லை என்று எழுந்து போய்விட்டார்கள் என்பது ஆபீஸில் பழைய கேலி. அவள் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு வேறு காரணங்கள் இருந்தன, அவற்றை யாரிடமும் சொல்லவில்லை.

அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு படம் போட்டிருப்பார்கள். உச்சியில் நாட்டுத் தலைவர். எல்லா ஆணையும் அவர் பெயரில்தான் வரும். பாவம், அவருக்குத்தான் ஒன்றும் தெரியாது. அவருக்குக் கீழே பிரதமர், அமைச்சர்கள். இவர்கள் நாடாளுமன்றத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அங்கே பாதிக்கு மேல் கை தூக்குகிறவரை நாற்காலி நிற்கும். அதற்கும் கீழே செயலாளர், துணைச் செயலாளர், சார்புச் செயலாளர், பிரிவு அதிகாரி. படத்தில் அம்புக்குறிகள் மேலிருந்து கீழே இறங்கும். மூன்றாவது மாடியில் உட்கார்ந்து பார்த்தால் அம்பு கீழிருந்து மேலே போவதுதான் தெரியும். பதிலக்கா எழுதுவாள். "அக்கா எழுதினதா? அப்போ சரி" என்று சார்புச் செயலாளர் கையெழுத்துப் போடுவார். சார்பு போட்டிருக்கிறார் என்று துணை போடுவார். துணை போட்டிருக்கிறார் என்று செயலாளர் போடுவார். செயலாளரே போட்டுவிட்டார் என்று அமைச்சர் வாசிப்பார். வாசித்ததும் அது அரசின் கொள்கை ஆகிவிடும். இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு மேலே இருக்கிற யார் மீதும் இம்மிகூட மரியாதை மிஞ்சவில்லை. "இதுங்க கையில நாட்டைக் கொடுத்துட்டு ஜனங்க தூங்குது பாரு" என்று வீட்டில் பாத்திரம் துலக்கும்போது சொல்லிக்கொள்வாள்.

அவளுக்கு ஒட்டு உறவென்று இருந்தது ஒரே ஒரு தம்பி. பஸ்ஸில் மூன்று மணி நேரத் தொலைவில் ஒரு சிறிய ஊரில், அரசு ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே பூட்டுச் சாவி ரிப்பேர் பெட்டிக்கடை வைத்திருந்தான். நாற்பது வயதுக்குள் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள், விடிவதற்கு முன் பஸ் ஏறித் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து, கையில் இரண்டு குழாயைச் செருகிக்கொண்டு, இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போக வேண்டும். முடிந்ததும் நேரே அக்கா வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்துவிடுவான். தண்ணீர் இஷ்டத்துக்குக் குடிக்கக் கூடாது. ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக் கிடப்பான். மாலை பஸ்ஸில் திரும்பிப் போவான். டயாலிசிஸ் என்றால் என்ன என்று துறையில் பதிலக்காவுக்குத் தெரிந்ததுபோல் வேறு யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை, வீட்டுப் பாயில் கிடந்த தம்பியின் உடம்புதான் அவளுக்குப் பாடம் சொன்னது.

ஒரு நாள் படுத்தபடியே சொன்னான்.

"அக்கா, எங்க ஊர் ஆஸ்பத்திரியில ஒரு ரூம் சாவி தொலைஞ்சு போச்சுன்னு என்னைக் கூப்பிட்டாங்க. திறந்து கொடுத்தேன். உள்ள என்ன இருந்துச்சு தெரியுமா?"

"என்னடா?"

"மெஷின். நான் இங்க வந்து படுக்கறேனே, அதே மெஷின். அரை டஜன். மேல சுத்தின பிளாஸ்டிக்கூடப் பிரிக்கல. என் கடையிலேருந்து ரோட்டைத் தாண்டினா அந்த ரூம்தான்க்கா."

பதிலக்கா ஐஸ் எடுக்க எழுந்து போனாள். அந்த மெஷின்கள் அங்கே கிடப்பது அவளுக்குத் தெரியாதா என்ன. அவற்றைப் பற்றி இரண்டு முறை பதில் எழுதியவளே அவள்தான். இயந்திரங்கள் வாங்கப்பட்டுள்ளன, பணியாளர் நியமனம் பரிசீலனையில் உள்ளது.

பரிசீலனையின் லட்சணம் இதுதான். மெஷின் வாங்குவது சுகாதாரம். அதை இயக்க டெக்னீஷியன், நர்ஸ் வேண்டும். புதிய பணியிடத்துக்கு நிதித் துறை தலையாட்ட வேண்டும். நிதி அமைச்சர், இது கொள்கை முடிவு, அமைச்சரவையில் வையுங்கள் என்றார். அமைச்சரவையில் எது பேசப்பட வேண்டும் என்பது பிரதமர் கையில். அந்த ஊரோ எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்ட ஊர், சுகாதார அமைச்சரோ பிரதமருக்குக் கண்ணில் விழுந்த தூசி. அவர் போய் ரிப்பன் வெட்டிப் பெயர் வாங்குவதற்கு இவர் ஏன் வழி விடுவார்? மூன்று பெரிய மனிதர்கள், மூன்று பெரிய அறைகள், மூன்று அறைகளிலும் ஏசி. நடுவில் கோப்பு போய்ப் போய் வந்தது. அது ஒவ்வொரு முறை திரும்பி வந்தபோதும் தம்பி எத்தனை தடவை பஸ் ஏறியிருப்பான் என்று பதிலக்கா மனதுக்குள் நினைத்துக்கொள்வாள். எழுத்தில் ஒன்றும் காட்ட மாட்டாள்.

அந்த ஊர் உறுப்பினர், எதிர்க்கட்சிக்காரர், மூன்றாவது முறையாக அதே கேள்வியை அனுப்பினார். இந்த முறை அமைச்சர் நேரில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அது மேசைக்கு வந்த நாளன்றுதான் வழியில் பஸ் பழுதாகி, தம்பி அன்றைய டயாலிசிஸ் முறையைத் தவறவிட்டு, வீட்டு வாசலில் வந்து நின்றான். கால் இரண்டும் வீங்கிச் செருப்பு ஏறாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "ஒண்ணுமில்லக்கா, நாளைக்கு அவசர கேஸா டயாலிசிஸ் போட்டுவிடறோம்னு சொல்லியிருக்காங்க" என்று சிரித்தான். முகமும் வீங்கியிருந்ததால் அந்தச் சிரிப்பு வேறு யாருடையதோபோல் இருந்தது. அவள் அவன் கையிலிருந்த செருப்பை வாங்கி உள்ளே வைத்தாள்.

மறுநாள் ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்தாள். பதிலின் முதல் பத்தியை வழக்கம்போல் எழுதினாள். அரசு எவ்வளவு அக்கறையோடு இருக்கிறது என்று இரண்டு வரி. அடுத்த பத்தியில், மேற்படி மருத்துவமனையில் தேவையான பணியாளர்களுடன் இந்த ஆண்டு முடிவதற்குள் டயாலிசிஸ் சிகிச்சை தொடங்கப்படும் என்று எழுதினாள். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்டதற்கு நேரான பதில் எழுதியிருந்தாள்.

கண்டுபிடித்துவிடுவார்கள் என்றுதான் முதலில் பயந்தாள். யார் கண்டுபிடிப்பது? சார்புச் செயலாளர் தன் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்துகொண்டே கையெழுத்துப் போட்டார். துணைச் செயலாளர், "அக்கா, எத்தனை பக்கம்?" என்று மட்டும் கேட்டார். செயலாளர் அதுவும் கேட்கவில்லை. அக்கா எழுதினால் ஆபத்தில்லை என்று அத்தனை பேருக்கும் அத்தனை வருஷமாக ஊறிப்போயிருந்தது. அவர்களுடைய சோம்பேறித்தனத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் நம்பிக்கை.

அவையில் அமைச்சருக்குப் பின்னால் அதிகாரிகளுக்கென்று ஒதுக்கிய வரிசையில் பதிலக்கா உட்கார்ந்திருந்தாள். அமைச்சர் எழுந்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டார், வாசித்தார். "இந்த ஆண்டு முடிவதற்குள் தொடங்கப்படும்" என்ற இடத்தில் ஒரு விநாடி அவர் குரல் தடுக்கியது. அதற்குள் ஆளுங்கட்சி வரிசை மேசையைத் தட்டத் தொடங்கிவிட்டது. தட்டல் காதில் விழுந்ததும் மனிதர் நிமிர்ந்தார். பரிசீலனையில் உள்ளது என்ற பதிலுக்காகவே துணைக் கேள்விகளைத் தீட்டி வைத்துக்கொண்டு வந்திருந்த எதிர்க்கட்சி உறுப்பினர், என்ன கேட்பது என்று தெரியாமல், "இது உறுதிதானா?" என்றார்.

"நான் சொன்னா சொன்னதுதான்" என்றார் அமைச்சர். இதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மறுபடி மேசைத் தட்டல். முன்வரிசையில் நிதி அமைச்சர் கிறுக்கிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார். பிரதமர் தலையை மெதுவாகத் திருப்பிச் சுகாதார அமைச்சரைப் பார்த்தார்.

அன்று மத்தியானமே செயலாளர் கூப்பிட்டுவிட்டார். அவர் நெற்றியில் வியர்வை.

"என்னம்மா இது? யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"யாரைக் கேட்டு எழுதினீங்க?"

"உங்க ஒப்புதலோடதான் சார் போச்சு. கையெழுத்து இருக்கு."

செயலாளர் தன் கையெழுத்தை யாரோ தெரியாதவரின் கையெழுத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நீங்க எழுதினா நான் என்னத்தைப் படிக்கறதும்மா" என்றார் பரிதாபமாக. கோப்பை மூடி வைத்துவிட்டு, "உங்க தம்பிக்கு உடம்பு எப்படி?" என்று கேட்டார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் முகத்தைப் பார்த்தாள். அது சும்மா கேட்ட கேள்வி என்று தெரிந்தது. வாரத்துக்கு ஒருமுறை மரியாதைக்குக் கேட்கிற கேள்வி. இரண்டையும் சேர்த்து யோசிக்கிற அளவுக்கு அந்த மண்டையில் ஓட்டம் இல்லை.

அமைச்சர் தவறாகச் சொல்லிவிட்டால் மறுபடி எழுந்து திருத்திக்கொள்ள விதியில் இடம் உண்டு. திருத்தினால், படிக்காமலே வாசித்தேன் என்று ஒப்புக்கொண்டதாகும். அவர் மறுத்துவிட்டார். பிரதமர் திருத்தச் சொல்லியிருக்கலாம். அவருக்கு அவையில் இருந்த பெரும்பான்மை ஒரு கை விரல்களுக்குள் அடங்குவது. கூட்டணிக் கட்சிக்காரனுக்கு மூக்கறுபட்டால் அந்த விரல்கள் எந்தப் பக்கம் மடங்கும் என்று தெரியாது. அமைச்சரவைக்குள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கலாம், கதவைத் திறந்து வெளியே வந்தால் எல்லோருக்கும் ஒரே பேச்சாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அரசாங்கம் என்று பெயர் சொல்ல முடியாது. ஆகவே மானங்கெட்ட அத்தனை பேரும் சேர்ந்து அந்த வரியை விழுங்கினார்கள். கிராமப்புறச் சுகாதாரம் தன் நெடுநாள் கனவு என்று சுகாதார அமைச்சர் பேட்டி கொடுத்தார். தான்தான் ஆரம்பத்திலிருந்தே வற்புறுத்தியதாக நிதி அமைச்சர் அடுத்த சானலில் சொன்னார். பதிலக்கா டி.வி.யைப் பார்த்துக் காறித் துப்பாத குறை. ஆனால் உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. எழுதிய ஒரு வரியால் ஒரு மந்திரிசபையையே முட்டிபோட வைத்துவிட்டோம் என்று அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆண்டு முடிவதற்குள் திறந்தார்கள். அமைச்சர் வந்தார், ரிப்பன் வெட்டினார். முதல் கட்டிலில் தம்பி. அமைச்சர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். குழாய் செருகியிருந்த கையையே பிடித்துவிட்டதால் நர்ஸ் பதறிப்போய் விலக்கினாளாம். தம்பி அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினான். "இனிமே பஸ் இல்லக்கா. முடிஞ்சதும் ரோட்டைத் தாண்டி வந்து கடையைத் திறந்துடறேன்" என்று போனில் சொன்னான். இரண்டு மாதத்தில் முகத்தில் வீக்கம் வடிந்து பழைய தம்பி தெரிந்தான். பதிலக்கா அந்த இரண்டு மாதம் நிம்மதியாகத் தூங்கினாள்.

எந்தப் பணியாளர்களோடு திறந்தார்கள் என்பதை அவள் கேட்காமல் விட்டுவிட்டாள். இவ்வளவு வருஷம் இதே கட்டடத்தில் குப்பை கொட்டியவள் அதைக் கேட்டிருக்க வேண்டாமா? நிதித் துறை ஒரு புதிய பணியிடம்கூடக் கொடுக்கவில்லை. தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு டெக்னீஷியன்களையும் இரண்டு நர்ஸையும் மூன்று மாத மாற்றுப் பணியில் அங்கே அனுப்பியிருந்தார்கள். ஆள் குறைந்ததால் பெரிய ஆஸ்பத்திரியில் தினசரி டயாலிசிஸ் முறைகளில் ஒன்றை நிறுத்தினார்கள். தம்பி ஊர்ப் பக்கத்து நோயாளிகளின் பெயர்களையெல்லாம் அங்கிருந்து அடித்துவிட்டுப் புது இடத்துக்கு மாற்றினார்கள். அந்த ஆணை வேறு பிரிவு போட்டது, அவள் கண்ணில் படவில்லை.

இதற்கிடையில் பிரதமர் அமைச்சரவையை மாற்றினார். சொன்னதைச் செய்து காட்டியவர் என்று பத்திரிகைகள் தூக்கி வைத்துக் கொண்டாடியதில், சுகாதார அமைச்சருக்கு அவர் கேட்ட நிதியே கிடைத்தது. அந்த ஊர் மருத்துவமனைக்கு நிரந்தரப் பணியிடம் வேண்டும் என்று சுகாதார அமைச்சராக அவரே கையெழுத்துப் போட்ட கோப்பு, சுற்றிச் சுற்றி நிதி அமைச்சரான அவர் மேசைக்கே போய்ச் சேர்ந்தது. தற்போதைய நிதி நிலையில் சாத்தியமில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார். வெட்கமாவது மண்ணாவது. பழைய நாற்காலியில் போட்ட கையெழுத்து பழைய நாற்காலிக்காரனுடையது. அந்தக் கோப்பில் யார் கையெழுத்து இருந்தது என்று அவர் பார்த்திருக்கவே மாட்டார் என்பது பதிலக்காவின் கட்சி.

மூன்று மாதம் முடிந்தது, டெக்னீஷியன்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தலைநகரம் திரும்பினார்கள். அறையை மறுபடி பூட்டினார்கள்.

"பூட்டைத் திறக்கறது எனக்கு ரெண்டு நிமிஷ வேலைக்கா. திறந்து உள்ள போய் நான் என்ன பண்றது?" என்றான் தம்பி போனில்.

பதிலக்கா செயலாளரிடம் ஓடினாள். உறுதிமொழிக் குழுவுக்கு எழுதலாம், அரசு வாக்குத் தவறிவிட்டது என்றாள். செயலாளர் அவளை வினோதமாகப் பார்த்தார்.

"தொடங்கியாச்சேம்மா. போட்டோ, பத்திரிகை எல்லாம் வச்சு, நிறைவேத்தியாச்சுன்னு குழுவுக்கு அனுப்பி, அவங்களும் முடிச்சுட்டாங்க. நீங்க இதுக்கு ஏன் இவ்வளவு படபடக்கறீங்க?"

பதிலக்கா வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். மேலேயும் கீழேயும் போனவர்கள் அக்காவுக்குத் தலைவலி என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் நல்ல மனுஷிதான். "பேரை அடிச்சுட்டாங்கம்மா, அவரு ஊருக்கு மாத்தினதா ஆர்டர். அந்த இடத்துல வேற ஆள் வந்தாச்சு. இப்ப உங்களைப்போல எத்தனையோ பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. தினமும் வந்து இங்க உட்காரட்டும். யாராவது வரலைன்னா முதல்ல கூப்பிடறேன்" என்றாள். தம்பியைப் பதிலக்கா தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். லீவு போட்டுவிட்டுத் தினமும் அவனோடு அந்த வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சில நாள் கூப்பிட்டார்கள். பல நாள் மத்தியானம்வரை உட்கார்ந்துவிட்டு எழுந்து போனார்கள். மறுபடி கால் வீங்க ஆரம்பித்தது.

"அமைச்சர் நல்ல மனுஷன்க்கா" என்றான் ஒரு நாள் பெஞ்சில் உட்கார்ந்தபடி. "என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ஒண்ணும் கவலைப்படாதீங்கன்னாரு. அவரு அந்தப் பதவியிலேயே இருந்திருந்தா இப்படி விட்டிருக்க மாட்டாரு. கீழ இருக்கற ஆபீசருங்கதான் எல்லாத்தையும் கெடுக்கறது."

பதிலக்கா சுவரைப் பார்த்தாள். "ஆமாண்டா" என்றாள்.

காலை முறைக்கு வருகிறவர்களில் ஒருவர் எந்த வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருவார். மெஷினில் இரத்தம் போய் வரும்போது உடம்பு குளிரும், அதனால்தான். மகள் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வருவார். தம்பியைப் பார்த்தால் நின்று, படித்து முடித்த பேப்பரைக் கொடுப்பார். "என் கட்டில் மேல கண்ணு வச்சுடாதீங்க தம்பி. நான் இன்னும் நாலு தேர்தல் பார்த்து இவனுங்களைத் தோக்கடிக்கணும்" என்பார். தம்பி சிரிப்பான். பதிலக்காவுக்கும் அவரைப் பிடிக்கும். அமைச்சர்களைப் பற்றி அவர் பேசுகிற பேச்சு அவள் பாத்திரத்தோடு பேசுகிற பேச்சாகவே இருந்தது.

அந்த வாரம் தம்பிக்கு ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. காலை முறைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து உள்ளே போனார்கள். ஸ்வெட்டர்காரர் மட்டும் வரவில்லை. தலைமை நர்ஸ் வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பார்ப்போம்" என்று உள்ளே போனாள். பதிலக்கா படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பகீரென்றது. வேறு யாராவது ஏறி வந்தால் மூச்சு விட்டாள். வரக்கூடாது, அவர் வரக்கூடாது என்று அவள் மனசு வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தது. அதை அவள் அடக்கவில்லை.

நர்ஸ் கதவைத் திறந்து தம்பி பெயரைக் கூப்பிட்டாள்.

தம்பி எழுந்திருக்கவில்லை. "அவரு ஏன்க்கா வரல? மக நம்பர் என்கிட்ட இருக்கு. ஒரு போன் போட்டுப் பாரேன்" என்றான், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு.

"அதெல்லாம் அப்புறம். நீ எழுந்திரு" என்று அவன் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி உள்ளே தள்ளினாள். கதவு சாத்தியதும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. தம்பியின் போன் அவள் மடியில்தான் இருந்தது, எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர்கள் வந்தபோது தலைமை நர்ஸ் பெஞ்சுக்கே வந்தாள். "இனிமே நீங்க காத்திருக்க வேண்டாம்மா. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வருவாரே, அவரு இனிமே வர மாட்டாரு. அந்தக் காலை முறையை உங்க தம்பிக்கே நிரந்தரமா கொடுத்தாச்சு" என்றாள்.

பதிலக்கா எழுந்து நின்று, நர்ஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, ரொம்ப நன்றி சிஸ்டர் என்றாள்.